கடலில் காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் அம்மைக்கு வீட்டார் செய்யக்கூடியவை

கேட்டிருப்பவர் குமரி மாவட்டத்தின் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு மகள். 2017 ஒக்கிப் புயலில் அவருடைய தம்பி போன விசைப்படகு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது, நிவாரணமும் வந்துவிட்டது. அம்மை மட்டும் இன்றுவரை ராத்திரி ஒரு தட்டில் சோறு மூடி வைக்கிறார், முன்கதவைத் தாழிட விடுவதில்லை, "எம்மோன் வருவான்" என்கிறார். ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வர மறுக்கிறார். மருமகளுக்கு மறுமணப் பேச்சு வந்ததிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. "அம்மையை எப்படி உண்மையை ஒத்துக்கொள்ள வைப்பது?" என்பது கேள்வி.

ஒத்துக்கொள்ள வைக்கும் முயற்சியை முதலில் கைவிடுங்கள். வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை அந்த முயற்சியால் வருவதாகத்தான் இருக்கும். தம்பி இறந்துவிட்டார் என்று அம்மை சொன்னால்தான் மற்றக் காரியங்கள் நகரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சான்றிதழ், பணம், பிள்ளைகளின் படிப்பு, மருமகளின் வாழ்க்கை எதற்குமே அவருடைய அந்த ஒரு வார்த்தை தேவையில்லை. "அவன் போயிருக்கலாம், வரவும் செய்யலாம்" என்ற இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டே ஒரு மனுஷி சாப்பிட்டு, தூங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வாழ முடியும். அதற்கு வீட்டைத் தோதாக்கிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

உடலைப் பார்த்து அடக்கம் செய்த துக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவின் குடும்பநல ஆய்வாளர் பவுலின் பாஸ் 1970களிலேயே பிரித்துக் காட்டினார். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களிடமிருந்து தொடங்கிய வேலை அது. 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களோடும் அவர் வேலை செய்தார். அவர் வலியுறுத்திய கருத்து எளிமையானது: இங்கே கோளாறு நிலைமையில் இருக்கிறது, அந்தத் தாயின் மனதில் இல்லை. முடிவு தெரியாத இழப்பை முடித்துவை என்று ஒருவரிடம் கேட்பதே தவறு.

அதுவும் நம் கரையில் அம்மையின் எதிர்பார்ப்பைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவே முடியாது. இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரையுள்ள எட்டு ஊர்களின் ஆழ்கடல் படகுகள் ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. 2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் புயல் உருவானபோது அவை ஏற்கெனவே தொலைவில் இருந்தன, எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பிறகு லட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் படகுகள் ஒதுங்கின. செத்துவிட்டதாக அழுத வீடுகளுக்குப் பல நாள் கழித்து ஆள் உயிரோடு வந்தது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியாவிலும் வளைகுடா நாடுகளிலும் நம் மீனவர்கள் அடைபட்டுக் கிடந்து திரும்பியதையும் அம்மை கேட்டிருப்பார். இவற்றையெல்லாம் கண்ட தாய் கணக்குப் போட்டுத்தான் நம்புகிறாள். ஆண்டு கூடக்கூட அந்த வாய்ப்பு தேய்ந்து போவது அவருக்கும் தெரியும். அதை அவர் வாயால் சொல்லவைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

இனி வீட்டுக் காரியம். மூடி வைக்கும் சோற்றைக் காலையில் பழஞ்சியாக (பழைய கஞ்சியாக) யாராவது குடித்தால் அதில் ஒரு கெடுதலும் இல்லை, விட்டுவிடுங்கள். "அவன் வந்தபிறகு நான் உண்ணுகேன்" என்று அவர் தட்டையும் காலியாக வைத்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போதும் தட்டை எடுத்து வீசுவதோ, வைக்காதே என்று அதட்டுவதோ வேண்டாம். முதலில் நீங்கள் அவரோடு உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள், அதற்குப் பிறகு மகனுக்கு எடுத்து வைக்கட்டும். வரிசையை மாற்றினால் போதும்.

கதவு விஷயத்தில் பயம் நியாயமானது, வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் "கதவைச் சாத்து" என்பது அம்மையின் காதில் "அவனை வெளியே நிறுத்து" என்று விழுகிறது. தம்பி வழக்கமாகச் சாவி எடுக்கும் இடம் ஒன்று இருந்திருக்கும். வேறு யாருக்கும் தெரியாத இடமாக இருந்தால் அங்கேயே ஒரு சாவியை வையுங்கள், இல்லையென்றால் அழைப்புமணி ஒன்றை அம்மை படுக்கும் அறைக்குள் பொருத்துங்கள். வாசல் விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும். இவை இருந்தால் பெரும்பாலான தாய்மார் கதவைத் தாழிடச் சம்மதிக்கிறார்கள்.

தம்பியின் பழைய செல்போன் எண்ணும் வீட்டு எண்ணும் உயிரோடு இருந்தால் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். செலவு சிறிது. எண் வேறு யாருக்கோ போய், அம்மை கூப்பிடும்போது அந்நியக் குரல் கேட்பது பெரிய அடி.

படத்துக்கு மாலை போடுவதில் அவசரம் வேண்டாம். நம் வீடுகளில் மாலையும் சீரியல் பல்பும் ஏறிவிட்டால் அது தீர்ப்பு. மற்றக் குடும்பப் படங்களோடு அதே உயரத்தில், மாலை இல்லாமல் தொங்கட்டும். திருப்பலிக்கும் இப்படி ஒரு வழி உண்டு. பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசி, திருப்பலிக் கருத்தை "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசிக்காமல் "எங்கிருந்தாலும் கடவுள் காக்க" என்று வாசிக்கச் சொல்லலாம். தம்பியின் மனைவி கேட்டால் அவருடைய திருப்பலி வேறு நாளில் வழக்கமான கருத்தோடு நடக்கட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு கருத்தா என்று ஊரில் கேட்பார்கள். ஆம், இரண்டுதான், அந்த வீட்டின் நிலைமையே இரண்டாக இருக்கிறது.

நவம்பர் மாதத்துக்கு அக்டோபரிலேயே தயாராகுங்கள். 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போகும்போது, போக ஓர் இடமில்லாத தாய் வீட்டில் தனியாக இருப்பாள். அதன்பின் துலாமழைக் காற்று, மாதக் கடைசியில் அந்த நாள். உறக்கம் கெடுவதும், காரணமில்லாமல் எரிந்து விழுவதும், கடல் இரைச்சலுக்கு எழுந்து உட்காருவதும் அப்போது கூடும். அந்த நான்கைந்து வாரங்களில் கல்யாணப் பேச்சு, பணப் பங்கீடு, வீடு இடிப்பு எதையும் எடுக்காதீர்கள். கல்லறைத் திருநாளன்று அவரைக் கடற்கரைக்கோ குருசடிக்கோ (சிலுவை நாட்டிய சிற்றாலயம்) கூட்டிப்போய் ஒரு திரி ஏற்றலாம், அவர் விரும்பினால் மட்டும். கடலைப் பார்க்கவே மாட்டேன், மீன் தின்ன மாட்டேன் என்பவர்களும் உண்டு. சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பக்கமும் மீனை வெறுத்தவர்கள் இருந்தார்கள். புரதத்துக்கு முட்டையும் பயறும் இருக்கின்றன, வற்புறுத்த வேண்டாம்.

பேச்சில் விட்டுவிட வேண்டியவை சில: "இன்னுமா நினைச்சிட்டு இருக்க", "இருக்கிற பிள்ளையளப் பாரு", "கடவுள் சித்தம்". எதிர்ப்பக்கம் போய், "கண்டிப்பா வருவான்" என்று உறுதி கொடுப்பதும் தவறு, அந்த வாக்கைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "வருவானா மக்ளே?" என்று அவர் கேட்டால் நேர்மையான பதில் ஒன்று உண்டு: "தெரியல்லம்மா. எனக்கும் அவன் நினைப்பாத்தான் இருக்கு." பிறகு அவனைப் பற்றிப் பேசவிடுங்கள். அவன் பிடித்த மீன், அவன் போட்ட சண்டை, அவனுக்குப் பிடித்த கறி என்று எதுவானாலும் சரி. காணாமல் போனவரின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்காமல் இருப்பது இந்தத் துக்கத்தை இறுக்கும் காரணங்களில் ஒன்று.

உங்கள் ஊரிலேயே இதே நிலையில் வேறு தாய்மார் இருப்பார்கள். அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழு) சொல்லி, மாதம் ஒருமுறை ஐந்தாறு பேர் ஒரு வீட்டில் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். அறிவுரை சொல்ல யாரும் வேண்டாம், தேநீரும் ஒன்றரை மணி நேரமும் போதும். நியூயார்க்கில் பாஸ் குழுவினரும் பல குடும்பங்களை ஒரே இடத்தில் கூட்டித்தான் வேலை செய்தார்கள். உடல் கிடைத்து அடக்கம் செய்தவர்களை அதே கூட்டத்தில் சேர்ப்பதில் சிக்கல் வரும். "உங்களுக்கு மண்ணாவது கிடைச்சுதே" என்ற பேச்சு எழுந்து இரு பக்கமும் புண்படும்.

காகிதங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் அம்மையின் காயத்தில் பாதி அங்கே இருக்கிறது. சாதாரணமாக ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். முன்பு அது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 111-ஆம் பிரிவு. ஒக்கியில் போனவர்களுக்கு அந்த ஏழு ஆண்டைத் தளர்த்தித்தான் அரசு சான்றிதழும் 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கொடுத்தது. அம்மைக்குச் சொல்ல வேண்டியது இது: அந்தத் தாள் ஓர் அனுமானம். ஆள் திரும்பி வந்தால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்ய முடியும். "கையெழுத்துப் போட்டு எம்மோனை நான் கொன்னேன்" என்ற எண்ணம் பல தாய்மாரை அரிக்கிறது. ரத்து செய்யலாம் என்ற தகவலை ஒரு வக்கீலின் வாயால் அவர் முன்னால் சொல்லவையுங்கள், வீட்டார் சொன்னால் சமாதானம் என்று நினைப்பார்.

ஒக்கி அல்லாமல் வேறு சமயத்தில் கடலில் காணாமல் போனவர்களின் வீட்டாருக்கும் இது பயன்படட்டும். புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல் முதல் தகவல் அறிக்கை கேட்டு வாங்குங்கள். மீன்வளத் துறைக்குக் கொடுத்த தகவலின் நகல், படகின் பதிவுச் சான்று, பிழைத்து வந்தவர்களின் வாக்குமூலம், மீனவர் நலவாரிய அட்டை, ஆதார் எல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். கூட வந்தவர்கள் பிறகு வெளிநாடு போய்விடுவார்கள், வாக்குமூலத்தை முதல் மாதத்திலேயே எழுதி வாங்காத குடும்பங்கள் ஏழு ஆண்டு கழித்துச் சாட்சி இல்லாமல் திண்டாடுகின்றன. ஏழு ஆண்டு முடிந்ததும் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றைக் காவல் நிலையத்தில் பெற்று, உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது அவர் இறந்ததாக அறிவிக்கக் கேட்கும் வழக்கு, போட வேண்டும். அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் இறப்புப் பதிவு, அதன்பின் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடலாம்.

காப்பீட்டில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஏழு ஆண்டு கழித்துச் சட்டம் இறப்பை அனுமானிக்குமே தவிர, இறந்த தேதியை அனுமானிக்காது. அதனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதியானதாகத்தான் கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் எல்ஐசி வழக்கில் சொல்லியிருக்கிறது. காணாமல் போனவர் பேரில் பாலிசி இருந்தால் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள்.

அம்மை இதுவரை டிஎன்ஏ மாதிரி கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கொடுக்க முடியுமா என்று காவல் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். ஒக்கியின்போது கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்களை உறவினர் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். பெற்றோரின் மாதிரி இருந்தால் ஒப்பீடு நேரடியானது, அவர்கள் காலத்துக்குப் பிறகு அது கடினமாகிவிடும். அம்மை மறுத்தால் விட்டுவிடுங்கள், அப்பாவிடம் கேளுங்கள்.

நிவாரணப் பணத்தை அம்மை தொட மறுத்தால், அது மகனுக்கு விலை வாங்கியதாக அவர் நினைப்பதால். அவர் கையெழுத்து தேவைப்படாதபடி பேரப்பிள்ளைகளின் பெயரில் நிரந்தர வைப்பில் போட்டுப் படிப்புக்கு மட்டும் எடுப்பது நல்லது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடி எழுப்பினால் அவர் தினமும் அதன் கீழே படுக்க வேண்டும். இன்னொன்று: கிறிஸ்தவர்களுக்கான இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மகனின் சொத்தில் தாய்க்குப் பங்கு இல்லை. (இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு.) சட்டம் தன்னை அந்த வீட்டுக்கு அந்நியமாக்கிவிட்டது என்ற வலி மாமியார் மருமகள் சண்டையாக வெளிவருவதுண்டு. மருமகள் மனமொப்பி மாதம் ஒரு சிறு தொகையை அம்மை கணக்கில் போட்டால், தொகையைவிட அந்த ஏற்பாடு வேலை செய்யும்.

மறுமணம் பற்றி உங்கள் கேள்வியில் மருமகள் குற்றவாளிபோல் வருகிறார். அவரும் அதே ஆளைத்தான் இழந்து நிற்கிறார், அவருக்கும் அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் இருப்பதால் சட்டத் தடை இல்லை. சான்றிதழ் இல்லாத வீடுகளில் கிறிஸ்தவ, இந்துப் பெண்கள் ஏழு ஆண்டு தகவல் இல்லை என்ற காரணத்திலும், முஸ்லிம் பெண்கள் 1939 சட்டப்படி நான்கு ஆண்டு என்ற காரணத்திலும் மணவிலக்குக் கேட்கலாம். அம்மைக்கு இந்தச் செய்தி ஊர் வாய்வழி போகக்கூடாது. மருமகளே, முடிந்தால் உங்களையும் வைத்துக்கொண்டு, நேரில் சொல்லட்டும். அம்மை வாழ்த்த வேண்டும், கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருடைய உண்மையான பயம் பேரப்பிள்ளைகள் கைவிட்டுப் போய்விடுவார்கள் என்பதுதான். எந்தக் கிழமை வருவார்கள், லீவுக்கு எத்தனை நாள் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் எதிர்ப்பு பெருமளவு தணியும். பிள்ளைகளிடம் "அப்பா வெளிநாட்டில் இருக்கார்" என்ற பொய் வேண்டாம். "அப்பா கடல்ல காணாமப் போயிட்டார், நிறையத் தேடினோம், கிடைக்கல்ல. ஆச்சி இன்னும் எதிர்பார்க்கா" என்பது ஐந்து வயதுக்கே புரியும்.

புரளிகள் தனிப் பேச்சு. "உன் மகன் இன்ன நாட்டு ஜெயிலில் இருக்கான்" என்று வாட்ஸ்அப்பில் வருவதும், மை போட்டுப் பார்த்துத் திசை சொல்வதும், "இத்தனை ஆயிரம் கட்டினால் விடுவிப்போம்" என்பதும் இந்த வீடுகளைக் குறிவைத்தே வருகின்றன. வீட்டில் ஒருவர் மட்டும் இத்தகைய அழைப்புகளைக் கையாள வேண்டும், அது அம்மையாக இருக்கக்கூடாது. தம்பிக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முடிவு செய்து வைத்து, அதற்குப் பதிலும் நேரடிக் குரலும் கேளுங்கள். எது வந்தாலும் காசு அனுப்பாதீர்கள். ஒரு நாட்டுச் சிறையின் பெயர் சொன்னால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் மனு பதிந்து, மீன்வளத் துறைக்கும் நகல் கொடுங்கள். பதில் வரும்வரை அம்மையிடம் மறைக்கவும் வேண்டாம், பெரிதுபடுத்தவும் வேண்டாம்: "ஒரு பேச்சு வந்திருக்கு, விசாரிக்கச் சொல்லியிருக்கோம், உறுதியில்ல." விசாரித்து இல்லை என்று தெரிந்த அன்று அவரைத் தனியாக விடாதீர்கள்.

கடலில் அல்லாமல் கரையில் சிறு பிள்ளையைத் தொலைத்த பெற்றோருக்குக் காத்திருப்போடு தேடலும் சேர்ந்து ஓட வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் காணாமல் போனால் 24 மணி நேரம் பொறுக்கத் தேவையில்லை, முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பது 2013-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அது போனதா என்று எழுத்தில் கேட்காமல் விட்டால் கோப்பு நிலையத்திலேயே கிடக்கும். களியக்காவிளை தாண்டினால் கேரளம், நாகர்கோவிலில் ரயில் ஏறினால் நாட்டின் எந்த மூலையும். எனவே திருவனந்தபுரம் காவல் துறைக்கும் ரயில்வே காவலுக்கும் தகவல் போனதை உறுதிசெய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எப்போதும் எடுக்கும். ஐந்து வயதுக்குப் பின் கைரேகை பதிந்த பிள்ளையானால், எங்கோ ஒரு காப்பகத்தில் மறுபடி ஆதார் எடுக்கும்போது பழைய பதிவு தட்டுப்பட்டுப் பல ஆண்டு கழித்து வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆதாரில் கொடுத்த செல்போன் எண்ணை அதற்காகவே மாற்றக்கூடாது.

உங்கள் கேள்வியில் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகன் போன அதே கடலை நம்பியே பிழைத்தவர், பேசாமல் இருப்பார் அல்லது குடிப்பார், அவருக்குத் துக்கம் குறைவு என்று வீடு முடிவு கட்டிவிடும். வலை பின்னும்போதோ படகருகிலோ பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் தம்பியின் பெயரைச் சொல்லிப் பேச்சை எடுங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? தூக்கக் கலக்கத்தில் "அம்மா" என்ற குரல் கேட்பது, சந்தைக் கூட்டத்தில் அவன் சாயலைப் பார்த்து ஓடுவது, நாள் வந்தால் அழுவது, இவற்றுக்கு மருந்து தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் உறக்கமும் அற்றுப்போவது, எடை இறங்குவது, குளிக்காமல் கிடப்பது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள மாத்திரையை நிறுத்துவது, "நானும் அவன்கூடப் போறேன்" என்று சொல்வது ஆகியவை வேறு. நீடித்த துக்கம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 ஆறு மாதத்துக்குப் பிறகு தனிக் கோளாறாகக் கணக்கிடுகிறது. காணாமல் போனவர்களின் வீட்டில் மாதக் கணக்கை மட்டும் வைத்து அளக்காமல், அன்றாடம் முடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே "மகன் காணாமல் போனவர், உடல் கிடைக்கவில்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெறும் தூக்கமின்மை என்று சீட்டில் எழுதிவிட்டால் தூக்க மாத்திரையோடு முடிந்துவிடும். மருந்துக்கடையில் தாமாக வாங்கும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் வயதானவர்களைத் தடுமாறி விழவைக்கும், பழக்கமாகவும் ஒட்டிக்கொள்ளும். மனச்சோர்வு இருந்தால் அதற்கான மருந்து பசியையும் உறக்கத்தையும் மீட்டுத்தரும், ஆனால் மகனைத் தேடும் மனதை மாற்றாது. அதைக் குடும்பத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் "மருந்து பலிக்கவில்லை" என்று பாதியில் நிறுத்துவார்கள். அங்கே போக அம்மை மறுத்தால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே, எந்த நேரத்திலும் பேசலாம். முதலில் நீங்கள் உங்களுக்காகவே கூப்பிடுங்கள். தம்பியை இழந்தவர் நீங்களும்தான்.